ஒரே வீட்டில் மூன்று பேருக்கு இரத்தக்குறைவு: ஒரே மாத்திரை போதுமா?

மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மனைவிக்கு 26 வயது, ஐந்து மாதக் கர்ப்பம், கொழுந்து பறிக்கிறார். கிளினிக்கில் ஹீமோகுளோபின் 9.4 (100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 9.4 கிராம்) என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, "பிள்ளை பெருத்துவிடும், போடாதே" என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். இரண்டு வயது மகளுக்கு எடை ஏறவில்லை, சுவரைச் சுரண்டித் தின்கிறாள். 58 வயது அம்மாவுக்கு 8.1. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மூட்டு வலிக்குப் பல வருடமாக மாத்திரை போடுகிறார். "மனைவிக்குக் கிளினிக்கில் தருகிற மாத்திரையை மூன்று பேரும் போடலாமா?"

போட வேண்டாம், தம்பி. மூன்று பேருக்கும் இரத்தம் குறைந்திருக்கலாம், ஆனால் குறைந்த காரணம் ஆளுக்கு ஆள் வேறு. மனைவியின் மாத்திரை மகளுக்கு அளவு மீறிய மருந்து. அம்மாவுக்கோ அது நோயை மறைத்துவிடக்கூடிய மருந்து. ஒவ்வொருவராகச் சொல்கிறேன். அதற்கு முன் உடம்பின் இரும்புக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் விளங்கும்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் உள்ள இரும்பு மொத்தமே 3 முதல் 4 கிராம்தான். அதில் பெரும்பங்கு சிவப்பணுவின் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. மூச்சில் வரும் ஒட்சிசனைத் தசைக்கும் மூளைக்கும் இதயத்துக்கும் கொண்டுபோவது அதுதான். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். செத்த அணுவின் இரும்பை உடம்பு வீணாக்காமல் திரும்பவும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே சுகமாக இருக்கும் ஒருவர் சாப்பாட்டிலிருந்து நாளுக்கு 1, 2 மில்லிகிராம் உறிஞ்சினாலே போதும். வரவு இவ்வளவு சிறியது என்பதால் சின்னக் கசிவும் பெரிய நட்டமாகிவிடும். 1 மில்லிலீற்றர் இரத்தம் போனால் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. தினமும் ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது 5 மில்லிலீற்றர், கண்ணுக்குத் தெரியாமல் குடலில் கசிந்தால் 2.5 மில்லிகிராம் போய்விடும். அதைச் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் "கீரை சாப்பிடுங்கள்" என்று எல்லாருக்கும் ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்புவது சரியில்லை. இரும்பு போதிய அளவு உள்ளே போகிறதா, போனது உறிஞ்சப்படுகிறதா, எங்காவது கசிகிறதா என்று மூன்றையும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

மலையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றில் ஒட்சிசன் குறையும், அதற்கு ஈடாக உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே கொழும்பில் ஒருவருக்குச் சரியான இலக்கம் நுவரெலியாவில் ஒருவருக்குக் குறைவானதாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி 1000 மீற்றருக்கும் 1500 மீற்றருக்கும் இடையில் வாழ்பவரின் அளவிலிருந்து 0.8 கிராமைக் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் 2000 மீற்றர் வரை 1.1 கிராம். ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளை எல்லாம் முதல் வகைக்குள் வரும். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இரண்டாவது வகை. கர்ப்பிணிக்கு 11 (கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் 10.5), கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 என்பவை கடல் மட்டத்துக்கான எல்லைகள். உங்கள் மனைவியின் 9.4 உண்மையில் 8.6க்குச் சமம், அம்மாவின் 8.1 என்பது 7.3. "கொஞ்சம்தானே குறைவு" என்று இருந்துவிட முடியாது.

முதலில் மனைவி. ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரு பங்கு, தாயின் கூடுதல் இரத்தத்துக்கு ஒரு பங்கு, பிரசவத்தில் போகும் இரத்தத்துக்கு ஒரு பங்கு. கடைசி மாதங்களில் நாளுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்ச வேண்டியிருக்கும். எந்தச் சாப்பாடும் அதைத் தராது, மாத்திரை தருவது அதற்காகத்தான். குறைவோடு பிரசவத்துக்குப் போகும் தாய்க்கு, மற்றவர் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கே உயிராபத்தாகிவிடும். பிள்ளை எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பிள்ளை பெருப்பது இரும்பினால் அல்ல. அளவு மீறிப் பெருப்பதற்கு முக்கிய காரணம் தாயின் சர்க்கரை நோய். மாத்திரை போட்டால் பிள்ளை கறுக்கும் என்பதும் பொய், பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வீட்டுப் பெரியவர்களை அடுத்த கிளினிக் நாளில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போய் அவர் வாயாலேயே இதைக் கேட்க வையுங்கள். உங்கள் வார்த்தையைவிட அது எடுபடும்.

இனி அந்த மாத்திரையை எப்படிப் போடுவது என்பது. பெரும்பாலானோருக்குப் பயன் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். வழக்கமான 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேற் மாத்திரையில் உண்மையான இரும்பு 60 முதல் 65 மில்லிகிராம். இராச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, கிளினிக்கில் தரும் விற்றமின் சி மாத்திரையோடு தண்ணீரில் விழுங்குவது நல்லது. தூங்கிவிடுவதால் குமட்டலும் பெரிதாகத் தெரியாது. அப்படியும் தாங்க முடியாவிட்டால் சோற்றுக்குப் பிறகு உடனே போடலாம். உறிஞ்சுவது குறையும், ஆனாலும் நிறுத்திவிடுவதைவிட அது மேல். கல்சியம் மாத்திரையை இரும்போடு சேர்த்துப் போடவே கூடாது, ஒன்று மற்றதைத் தடுக்கும். கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்குப் போடும் அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கும், அவற்றைப் போடுவதாக இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பினால், பயப்பட ஒன்றுமில்லை. மலம் தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றமும் வந்தால் அது குடலில் கசிந்த இரத்தம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தேத்தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் இரும்பைத் தடுப்பதில் இதற்கு ஈடு வேறில்லை. தேயிலையில் உள்ள பொலிபீனோல் என்ற துவர்ப்புப் பொருட்கள் ரொட்டி, சோறு, பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்தாலே உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடலாம். பால் ஊற்றினாலும் இது மாறாது. விடியற்காலை வெறும் தேத்தண்ணி, மலையில் ரொட்டியும் சம்பலும் போத்தல் தேத்தண்ணியும், வேலை விட்டு வந்ததும் இன்னொரு கோப்பை என்று போனால், இரும்பு உள்ள ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு தடை உடன் போகிறது. குளிரிலும் மழையிலும் நிற்பவரிடம் தேத்தண்ணியை விடச் சொல்வது நடக்கிற காரியமல்ல. விடவும் தேவையில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ குடித்தால் தடை பெருமளவு குறைகிறது. மலைக்குப் போகும்போது ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீரையும் கொண்டுபோகட்டும். ரொட்டியைத் தண்ணீரோடு சாப்பிட்டு, அடுத்த நிரையைப் பறித்து முடித்த பிறகு தேத்தண்ணியைக் குடிக்கட்டும். இஞ்சி, மல்லி போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், தேயிலை சேராதவரை, எப்போதும் பரவாயில்லை. அந்த ரொட்டிச் சம்பலில் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டால் நிலைமை எதிர்ப்பக்கம் திரும்பும், விற்றமின் சி தாவர இரும்பை உறிஞ்ச உதவுகிறது. வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் கொய்யாவும் அதே வேலையைச் செய்யும்.

கீரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை எல்லாம் நல்லவை. ஆனால் தாவர இரும்பில் நூற்றுக்குச் சில பங்குதான் உள்ளே போகும், இறைச்சி, ஈரல், மீனின் இரும்பில் 15 முதல் 35 பங்கு வரை போகும். கூடவே, கொஞ்சம் மீனோ இறைச்சியோ சேர்ந்தால் அதே தட்டில் உள்ள பருப்பின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும். நெத்தலிக் கருவாடு ஒரு கைப்பிடி பருப்புக் கறியில் விழுந்தால் போதும், பெரிய செலவுமில்லை. கர்ப்ப காலத்தில் ஈரலை அடிக்கடி கொடுக்க வேண்டாம், அதில் விற்றமின் ஏ மிக அதிகம். கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமா தாயின் பெயரில் வந்தால் அது தாய்க்கே போகட்டும். பொதி வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் பங்காகி, அவருக்கு ஒரு கரண்டிதான் மிஞ்சுகிறது என்பது பல வீடுகளில் நடப்பது.

கொக்கிப்புழுவை மறக்கக் கூடாது. தோட்ட மண்ணுக்கும் இந்தப் புழுவுக்கும் பழைய உறவு. ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியதே 1916இல். மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் குடம்பி (புழுவின் இளம் பருவம்), வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு புழு நாளுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தைத்தான் எடுக்கும். நூறு புழு இருந்தால் 3 மில்லிலீற்றர், மேலே சொன்ன கணக்கில் ஒரு நாளின் முழு இரும்பு வரவும் போய்விடும். (அட்டைக் கடி பார்க்கப் பயங்கரமாக இருக்கும், மணிக்கணக்கில் கசியும். ஆனால் எப்போதாவது படும் கடிகளால் இந்த அளவு இரத்தக்குறைவு வராது. அதைக் காரணம் காட்டி மற்றதை விட்டுவிடாதீர்கள்.) கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கடந்த பிறகு கிளினிக்கில் தரும் பூச்சி மாத்திரை இதற்குத்தான். மனைவி அதைப் போட்டாரா என்று அவருடைய கிளினிக் பதிவு அட்டையைப் பாருங்கள். மலைக்குப் போகும்போது சப்பாத்து, வீட்டில் ஒழுங்கான மலசலகூடம், இந்த இரண்டும் இல்லாமல் மாத்திரை மட்டும் போதாது. புழு திரும்ப வரும்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். இப்போது இருக்கும் அளவுக்கு மருத்துவர் மாத்திரையை இரட்டிப்பாக்கவும் கூடும், அவர் சொன்னபடி போடுங்கள். ஏறவில்லை என்றால் உண்மையில் போடுகிறாரா, தேத்தண்ணி குறுக்கே நிற்கிறதா, புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்ததாகத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைப் பற்றிக் கேளுங்கள். தலசீமியாக் கூறு உள்ளவருக்கு, அதாவது கடும் நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவருக்கு, சிவப்பணு சிறிதாக இருக்கும், பார்த்தால் இரும்புக் குறைவு போலவே தெரியும், இரும்பு கொடுத்தாலும் ஏறாது. மனைவிக்கு அது இருப்பதாகத் தெரிந்தால் உங்களையும் அன்றே சோதிக்க வேண்டும், ஏனெனில் இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்துக்குள் கட்டியவர்கள் என்றால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கும், பிரசவம் நெருங்கியும் ஏறாதவருக்கும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வழி பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. 7க்குக் கீழே இறங்கினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயக்கம், நெஞ்சு வலி, இரத்தப்போக்கு வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. பிரசவத்தை இரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) பிரதான வீதி வரை எந்த வண்டி, யார் ஓட்டுவது என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

அடுத்தது மகள். தாயின் வயிற்றில் சேர்த்துவைத்த இரும்பு பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதம்தான் வரும். தாய்க்கு இரத்தம் குறைவாக இருந்தாலோ பிள்ளை எடை குறைந்து பிறந்தாலோ அதற்கும் முன்பே தீரும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் அளவு குறைவு. ஆகவே ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் சோற்றில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வயதில் பல வீடுகளில் கிடைப்பது பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்த கூழ். வயிறு நிறையும், இரும்பு வராது, இருப்பதையும் தேயிலை தடுக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஒரு வாயும் வேண்டாம். பால் நல்லதுதான், ஆனால் நாளுக்கு 500 மில்லிலீற்றரைத் தாண்டினால் சோற்றின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

சுவரையும் மண்ணையும் தின்பது பிடிவாதம் அல்ல, பல பிள்ளைகளில் இரும்புக் குறைவின் அடையாளமே அதுதான். அடித்துத் திருத்த முடியாது. இரும்பு ஏறினால் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். அதுவரை மண்ணோடு புழு முட்டையும், பழைய பெயின்ற் பூசிய சுவர் என்றால் ஈயமும் உள்ளே போகும் என்பதால் கண் வைத்திருங்கள். கண் இமையின் கீழ்ப்பக்கத்தை இழுத்துப் பாருங்கள், உள்ளங்கை ரேகையை உங்கள் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிறியிருந்தால் குறைவு அநேகமாக நிச்சயம். ஆனால் வெளிறாமல் இருந்தாலும் குறைவு இருக்கலாம். இந்த வயதில் மூளை வேகமாக வளர்கிறது. முதல் இரண்டு, மூன்று வருடத்தில் நீடிக்கும் இரும்புக் குறைவு பேச்சையும் கவனத்தையும் படிப்பையும் பாதிக்கும், பின்னால் இரத்தம் ஏறினாலும் அந்த நட்டம் முழுவதும் திரும்பாமல் போகலாம். எனக்கு இதில்தான் பெரிய கவலை.

செய்யக்கூடிய சமையல் ஒன்று: நெத்தலியின் தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, உப்புப் போக இரண்டு மூன்று தரம் கழுவி, வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்து, இடித்துச் சலித்துப் போத்தலில் வையுங்கள். குழைத்த சோறு, பருப்பு, ஒரு கரண்டி கீரையோடு இந்தத் தூளில் ஒரு தேக்கரண்டி, மேலே சில துளி தேசிக்காய். வாரத்தில் ஒரு நாள் கட்டை விரலளவு கோழி ஈரல், முடிந்த நாட்களில் முட்டை. சாப்பிட்டதும் கொய்யாத் துண்டோ பப்பாளியோ.

இது வராமல் தடுக்கும், ஏற்கெனவே விழுந்த குறைவை நிரப்ப மருந்து வேண்டும். பிள்ளைக்கான அளவு எடையைப் பொறுத்தது, நாளுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்பது வழக்கமான சிகிச்சை அளவு, அதைப் பாணியாகத் தருவார்கள். 10 கிலோப் பிள்ளைக்கு 30 மில்லிகிராம், அதாவது மனைவியின் ஒரு மாத்திரையில் பாதி. அதே பிள்ளை விளையாட்டாகப் பத்து மாத்திரையை விழுங்கினால் கிலோவுக்கு 60 மில்லிகிராம், அது கொல்லும் அளவு. ஒரே அறையில் எல்லாரும் வாழும் வீட்டில் மாத்திரைப் பையைச் சாமிப் படத்தட்டிலோ தலையணைக்கடியிலோ வைக்காதீர்கள், பூட்டக்கூடிய பெட்டியில் வையுங்கள். விழுங்கிவிட்டால் முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம் வரும். பிறகு பிள்ளை தேறியதுபோல இருக்கும். அந்தத் தேறுதலை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அடுத்த நாள் ஈரலும் இதயமும் விழுந்துவிடலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

வீட்டில் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பார்க்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் மாதவிடாய், ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு தரம் நனையும் துணி, பெரிய கட்டிகள் என்றால் அது "பெண்களுக்கு வழமை" என்று விடுவதற்கில்லை, மருத்துவரிடம் போக வேண்டிய நோய். பாடசாலையில் வாரத்துக்கு ஒரு தரம் தரும் இரும்பு மாத்திரையை வீசாமல் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக அம்மா. உடனடியாகக் கவனிக்க வேண்டியவர் இவர்தான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்புக் குறைவு வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை இரைப்பையிலோ குடலிலோ கசிவு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை வருடக்கணக்கில் போடும்போது இரைப்பைச் சுவர் புண்ணாகும், பலருக்கு வலியே தெரியாது. நாளுக்கு 10 மில்லிலீற்றர் கசிந்தாலும் மலத்தின் நிறம் மாறாது. கறுக்க 50 மில்லிலீற்றருக்கு மேல் போக வேண்டும். புண் தவிர, பெருங்குடல் புற்றுநோயும் முதலில் தெரிவது சில வேளை இந்த மூச்சு வாங்குதலாகத்தான். இப்போது நீங்கள் மனைவியின் மாத்திரையைக் கொடுத்தால் இரண்டு விதத்தில் கெடுதல்: இலக்கம் கொஞ்சம் ஏறி நிம்மதி வந்துவிடும், மலம் மாத்திரையால் கறுப்பதால் உண்மையான கசிவு வந்தாலும் அடையாளம் தெரியாது. இதற்கிடையில் இதயம் குறைந்த ஒட்சிசனை ஈடுசெய்ய வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் அது இதயச் செயலிழப்பில் போய் முடியலாம். கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் வந்தால் அன்றே கொண்டுபோங்கள்.

இரும்பு அல்லாத காரணங்களும் இந்த வயதில் உண்டு. சிறுநீரகம் பழுதானால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயற்றின் குறையும். சர்க்கரைக்கு மெற்ஃபோமின் பல வருடம் போட்டவருக்கும், மீன், இறைச்சி தொடாதவருக்கும் விற்றமின் பி12 குறையலாம். பாதத்தில் எரிவு, விறைப்பு, நடையில் தடுமாற்றம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், நரம்பு நிரந்தரமாகக் கெடுவதற்குள் ஊசி போட வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர் என்றால் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ வாய் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் அதையும் காட்ட வேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ இந்த வாரமே போங்கள். அம்மா போடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் உறையில்லாமல் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வலி மாத்திரையை இன்றிலிருந்து நிறுத்தி, மருத்துவரைக் காணும்வரை பரசிற்றமோலோடு சமாளிக்கட்டும். இதயத்துக்கு அஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் அதை மட்டும் தானாக நிறுத்த வேண்டாம், கேட்டுவிட்டு நிறுத்துங்கள். முழு இரத்தப் பரிசோதனை, இரத்தப் படம், ஃபெரிற்றின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுவது), கிரியற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) ஆகியவை பார்க்கப்படும். சிவப்பணுவின் பருமன் (அறிக்கையில் MCV) 80க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவோ தலசீமியாவோ, 100க்கு மேல் என்றால் பி12, ஃபோலேற் அல்லது மதுவைப் பார்ப்பார்கள். ஃபெரிற்றின் குறைந்திருந்தால் இரும்பு இல்லை என்பது உறுதி. காய்ச்சலோ மூட்டு அழற்சியோ உள்ளவருக்கு அது பொய்யாக உயர்ந்து காட்டலாம், அதனால் மூட்டு வலியை மறக்காமல் சொல்லுங்கள். இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கத் திகதி தந்தால் எவ்வளவு தூரம் என்றாலும் போய்விடுங்கள், மாத்திரையால் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது என்று அந்தத் திகதியைத் தவற விடாதீர்கள். அம்மாவுக்கான இரும்பு மாத்திரையை மருத்துவரே எழுதித் தருவார். இலக்கம் சரியானதும் நிறுத்தாமல் மேலும் மூன்று மாதம் போட வேண்டும், இருப்பு நிரம்ப அவ்வளவு காலம் பிடிக்கும்.